மெத்தையக்காவின் பாறை

கடைக் கதவின் மேல்சட்ட விளிம்பில் எட்டு விரல்நுனிகளை மாட்டி, கால்களைப் பின்னால் மடக்கித் தொங்கிக்கொண்டிருக்கிறார் அக்கா. சோபா உறை வாங்க வந்தவர் உள்ளே போவதா, திரும்பிப் போவதா என்று புரியாமல் வாசலில் நிற்கிறார். "இருங்க சார், இன்னும் ஏழு எண்ணணும்" என்று மேலேயிருந்து பதில் வருகிறது. ஏழையும் நிதானமாக எண்ணிவிட்டுத்தான் இறங்கி, உறையை உதறிக் காட்டுகிறார்.

சோபா, கார் சீட், ஆபீஸ் நாற்காலி, எது கிழிந்தாலும் தைப்பார். வயது ஐம்பத்தொன்று. எங்கள் பாறையேற்றக் குழுவில் அவர் மெத்தையக்கா. பாறையேற்றம் பழகும் கூடத்தில் தரைமெத்தை கிழிந்துபோனபோது தைக்க வந்தவர்தான். தையல் தாங்குமா என்று பார்க்கச் சுவரில் நாலடி ஏறிக் குதித்தார். தாங்கியது. ஆறடி ஏறிக் குதித்தார். அதுவும் தாங்கியது. மூன்றாவது முறை குதிக்க மறந்து மேலேயே போய்விட்டார். அன்றிலிருந்து மூன்று வருடமாக வாரம் இரண்டு நாள் வந்து ஏறுகிறார்.

நாங்கள் ஏறுவது கயிறில்லாத ஏற்றம். இரண்டு ஆள், மூன்று ஆள் உயரப் பாறை, கீழே விரிக்க ஒரு மடக்கு மெத்தை, அவ்வளவுதான். அந்த மெத்தையை அவரே தைத்திருக்கிறார். மேலே விறைப்பான ஸ்பாஞ்சு, அடியில் மெத்தென்ற ஒன்று, ஓரம் முழுக்க கார் பெல்ட். முதுகில் மாட்டினால் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு மெத்தைக்குக் கால் முளைத்து நடப்பதுபோல் இருக்கும்.

போன வருடம் கருங்கல் குன்றுகளுக்குப் போய்க் கூடாரம் போட்டிருந்தோம். ஒரு பாறையின் உச்சிக்கு ஒரு கை தூரத்தில் அக்காவுக்கு வழுக்கியது. மெத்தையைத் தாண்டி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், இனி பாறைப் பக்கமே போகக் கூடாது என்றார்.

"துணி ரோல் தூக்கலாமா டாக்டர்?"

"தொழிலுக்குன்னா பாத்து தூக்குங்க."

"ஒரு ரோலு நாப்பது கிலோ. அத தூக்கலாம், என்னைய நான் தூக்கிக்கக் கூடாதா?"

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இந்த வருடப் பயணத்துக்கான திட்டம் ஒரு ஞாயிறு மதியம் அவர் கடையில்தான் நடந்தது. வெட்டுமேசையில் பழுப்புத் தாளை விரித்து, தையல்காரச் சாக்பீஸால் குன்று முழுவதையும் வரைந்து வைத்திருந்தார். எந்தப் பாறையில் எத்தனை மணிக்கு வெயில் ஏறும், தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், கூடாரத்தை எந்தப் பக்கம் கட்டினால் காற்று தூக்காது, எல்லாம் அதில் இருந்தது. "கல்லு சூடாயிட்டா கை வேர்க்கும், புடி நிக்காது. பத்து மணிக்குள்ள ஏறி முடிச்சிரணும்" என்றார்.

எங்கள் குழுவை நடத்துபவன் வங்கியில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரன். கேப்டன் என்போம். யார் யாருக்கு என்ன வேலை என்று அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். ஐந்து பேர், மூன்று நாள். எனக்குத் தண்ணீர், ஏற்றம். மற்றவர்களுக்கும் ஏதோ ஒரு வேலை, கூடவே ஏற்றம். அக்காவின் வரிசையில் 'சமையல், கூடாரக் காவல்'. அதோடு சரி.

அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி இரண்டு முறை படித்தார்.

"காவலுக்கு நாய் கிடைக்கலியாப்பா?"

"ஆண்ட்டி, போன வருஷம் ஆஸ்பத்திரி போற வரைக்கும் உங்க கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தது நான். அன்னிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." உண்மையாகவே சொன்னான்.

"கை என்னுது. ஒடஞ்சதும் என்னுது. பயம் மட்டும் ஒன்னுதா? அப்ப அத நீயே வச்சுக்க, எனக்கு பேப்பர்ல எழுதிக் குடுக்காத."

"பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல ஆண்ட்டி?"

"இருக்கே. சமையலு ஆளுக்கொரு வேளை. என் முறைக்கு நான் ஆக்கிப் போடறேன். ஏற வேண்டாம்னு சொல்றதுன்னா எல்லாரும் சொல்லிட்டு கெளம்புங்க, என் மெத்தை கூட வராது."

நான் அச்சடித்த தாளை இழுத்து, அவர் வரிசையில் 'ஏற்றம்' என்று எழுதினேன். கேப்டன் என்னை முறைத்தான். அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. நன்றி சொல்ல அதில் என்ன இருக்கிறது என்பதுபோல, வளைந்த ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா வீட்டில் இன்னொரு சண்டை. கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். வேகத்தடைக்கு நூறடி முன்பே பிரேக் போடுகிறவர். "இந்த வயசுல ஒனக்கெதுக்குடி பாறை?" என்று கேட்டுவிட்டு நான்கு நாள் பேசாமலிருந்தார். "வயசுக்குன்னு தனியா பாறை வச்சிருந்தா சொல்லுங்க, அதுல ஏறிக்கறேன்" என்ற அக்கா, அந்த நான்கு நாளும் அவர் பதில் சொன்னது மாதிரியே தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாராம். கிளம்பும் காலையில்தான் அவர் வாய் திறந்தார்.

"மறுபடி ஒடச்சுக்கிட்டு வந்தா சோறு ஊட்டிவிட மாட்டேன், சொல்லிட்டேன்."

"இடது கையால தின்னு பழகிட்டேன், போங்க."

குன்றில் முதல் நாள் போன வருடத்து அதே பாறையில் ஐந்து முறை விழுந்தார். இரண்டாம் நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டோம். விரல்நுனித் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது; பிளாஸ்டர் சுற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் காலை, கல் குளிர்ச்சியாக இருந்தபோது, மறுபடி ஏறினார். போன வருடம் வழுக்கிய இடத்தில் வலது கையை வைத்தார். நாங்கள் மெத்தையை நகர்த்தி நகர்த்தி அவருக்கு நேர் கீழே கொண்டுவந்தோம்.

"போதும் ஆண்ட்டி! எறங்கிருங்க, ப்ளீஸ்!" என்று கேப்டன் கத்தினான்.

"கத்தாதப்பா, கல்லு பயந்துரும்."

இடது கை உச்சி விளிம்பைப் பிடித்தது. பிறகு ஒரு முழங்கால், பிறகு வயிறு தேய்ந்து இழுபடும் சத்தம். பிறகு அவர் எங்கள் பார்வையிலேயே இல்லை. நாங்கள் ஆர்ப்பரித்தோம்.

"பின்பக்கமா எறங்குங்க ஆண்ட்டி, நான் வந்து கை குடுக்கறேன்" என்று கேப்டன் பாறையைச் சுற்றி ஓடப் போனான்.

"அவசரமில்லப்பா, கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்திருக்கேன்." மேலேயிருந்து ஒரு ஷூ மெத்தையில் வந்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, மற்றொன்று.