வெல்லை வெளியில் இல்லாத பூ

நெடுந்தீவில் மாடு வளர்த்துப் பிழைத்த அன்னமுத்துவுக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. ஆனால் எந்தச் செடியை மாடு தின்னும், எதை முகர்ந்துவிட்டு விலகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். 1985இல் மாரி முடிந்த கையோடு, யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் படிப்பித்த நாகபூசணி தீவுக்கு வந்தபோது, ஊரார் அன்னமுத்துவிடம்தான் அனுப்பினார்கள்.

காட்டுப்பூச் செடிகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, கல்லூரியில் சேமித்து வைப்பது நாகபூசணியின் வேலை. கல்லும் மணலுமான அந்த வறண்ட தீவில், மழை விட்டதும் பூத்துச் சில கிழமைகளில் மடிந்துவிடும் செடிகளை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பிடிக்க முடியாது. ஆகவே செடியை அமுக்கி உலர்த்த இரண்டு பலகைகளையும் ஒரு கட்டுப் பழைய பத்திரிகைகளையும் அன்னமுத்துவிடம் கொடுத்தாள்.

"நிறத்தை உடனை எழுதுங்கோ அக்கா. காய்ஞ்சால் நீலமும் வெளிறிப் போயிடும். எங்கை பிடுங்கினது எண்டும் வேணும். இடம் எழுதாட்டில் அது வெறும் சருகுதான்."

அன்னமுத்து சீட்டிலும் தன் கொப்பியிலும் எழுதினாள். 'மணல் தரை. மாடு தின்னாது. வெயில் ஏற முதல் பூ மூடிவிடும்.' மாதம் ஒரு பொதி வள்ளத்தில் போனது. கணவன் மனுவேல் சிரித்தான். "மாடு பட்டினி கிடக்குது, நீ சருகுக்குப் படுக்கை விரிக்கிறாய்."

1987 மாசியில் தெற்குக் கடற்பக்கம் வெடிச்சத்தம் கேட்டபடி இருந்தது. தீவின் தெற்கே உள்ள வெல்லை வெளிக்குச் செடி தேடிப் போக அவளுக்குப் பயம். அந்தக் கிழமை வேலணைத் தீவில் இருந்த தங்கை செல்லாச்சியைப் பார்க்கப் போனவள், வேலியோரம் சிறிய மஞ்சள் பூவொன்றைக் கண்டு வேரோடு எடுத்துவந்தாள். பொதி வெறுமையாகப் போகக்கூடாதே என்ற எண்ணத்தில், இடம் என்ற வரியில் 'வெல்லை வெளி' என்று எழுதிவிட்டாள்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. இந்தச் செடியை நெடுந்தீவில் இதுவரை யாரும் பதிந்ததாகத் தெரியவில்லை, உங்கள் பெயரோடு கட்டுரை எழுதுகிறேன் என்றிருந்தது. மனுவேல் அதை இரண்டு தரம் வாசித்தான். அன்னமுத்து நடந்ததைச் சொன்னாள்.

"ஆருக்குத் தெரியப் போகுது?" என்றான் அவன்.

"நாளைக்கு ஒரு ஆள் இதை நம்பிக் கடல் தாண்டி வந்து தேடினால்?"

மறுநாள் காலையிலேயே யாழ்ப்பாணம் போக வள்ளம் ஏறினாள். நாகபூசணி முழுவதையும் கேட்டுவிட்டு, மஞ்சள் பூ ஒட்டிய தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கட்டுரை இன்னும் அனுப்பேல்லை, நல்ல காலம்," என்றாள். பிறகு மெல்ல, "மற்ற அறுபத்திமூண்டும் அக்கா?"

"அதெல்லாம் உண்மை ரீச்சர்."

"நான் நம்புறன். ஆனால் ஆரும் கேட்டால் என்னத்தைக் காட்டுறது?"

அன்னமுத்து திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் அவளை அரித்தது. நாகபூசணி கோபமாகத் திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பாள்.

அடுத்த மாரி கழிந்ததும், பழைய குறிப்புக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போனாள். பலகையை மனுவேல் சுமந்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை. பங்குனிக்குள் அறுபத்தொரு செடிகள் கிடைத்தன. இரண்டு கிடைக்கவில்லை. அவற்றுக்கும் செடியில்லாமல் வெறும் சீட்டு எழுதினாள்: 'மூன்று முறை போனேன். காணவில்லை.'

"காணாததை ஏன் எழுதுறாய்?" என்று மனுவேல் கேட்டான்.

"காணேல்லை எண்டதும் உண்மைதானே."

பொதி கிடைத்ததும் நாகபூசணி புதிய தாள்களைப் பழையவற்றின் பக்கத்தில் வைத்தாள். மஞ்சள் பூவையும் எறியவில்லை. 'வேலணை' என்று திருத்தி, சேகரித்தவர் அன்னமுத்து என்றே விட்டிருந்தாள். வெறும் சீட்டு இரண்டையும் தாள்களின் கோவையில் சேர்த்துவிட்டதாகக் கடிதம் எழுதினாள். அன்னமுத்து அந்தக் கடிதத்தைத் தானே வாசித்தாள், மனுவேலிடம் கொடுக்கவில்லை.

1990இல் மறுபடி சண்டை மூண்டு, பொதி போகும் வழி அடைபட்டது. ஆனாலும் அவள் ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் செடி தேடிப் போனாள். பத்திரிகைத் தாள் முடிந்ததும் சீமெந்துப் பையைப் பிரித்துப் பாவித்தாள். நாகபூசணி யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறாளா என்பதுகூடத் தெரியாது.

1993இல் செஞ்சிலுவைக்காரர் மூலம் ஒரு துண்டுக் கடிதம் வந்தது. 'இருக்கிறேன். தாள்களில் ஈரம் படவிடாதீர்கள்.'

அன்னமுத்து அலுமாரியிலிருந்த சேலைகளை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். காலியான தட்டில் வேப்பிலை பரப்பி, தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.