தோல் உரித்த மல்லாட்டை

என் அப்பா அம்மா இருவருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது. எனக்குக் கேட்கும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்களின் ஹாரன் அத்தனையையும் அந்த வீட்டில் நான் ஒருத்தியே கேட்டு வளர்ந்தேன். அப்பா, எனக்கு நைனா, தையல்காரர். அவர் தைத்த ரவிக்கையில் குறை சொல்லி யாரும் வந்ததில்லை. வந்திருந்தாலும் திட்டு என் வழியாகத்தான் அவரிடம் போக வேண்டும், விட்டிருப்பேனா என்ன.

என்னைப் பெண் பார்க்க வல்லத்திலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். பூ, பழத்தோடு தங்கள் நிலத்து வேர்க்கடலையையும் வறுத்து எடுத்து வந்திருந்தார்கள். எங்கள் ஊரில் அது மல்லாட்டை. காபி குடித்ததும் அந்த அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

“தப்பா நெனைக்காதம்மா. நாளைக்கு உனக்குப் பொறக்கறதுக்குக் காது கேக்குமா?”

முன்பு வந்தவர்கள் இதைக் கேட்காமலே எழுந்து போனவர்கள். கேட்டதற்காகவே இவரை எனக்குப் பிடித்துவிட்டது. பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் நான். ஒரு மல்லாட்டையை உடைத்துத் தட்டில் வைத்தேன். உள்ளே இரண்டு பருப்பு. வந்தவர்களுக்கு வாயாலும் வீட்டாருக்குக் கையாலும் சொன்னேன்.

“காது கேக்கறதுக்கு ஒடம்புக்குள்ள இப்படி நெறைய ஜோடி இருக்குது அத்தை. ஒவ்வொண்ணுலயும் ஒரு பருப்பு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ரெண்டுல ஒண்ணு வேலை செஞ்சாலே போதும். நைனாவுக்கு ஒரு ஜோடியில ரெண்டுமே வேலை செய்யல. அம்மாவுக்கு அது வேற ஜோடி. எனக்குக் கேக்குதே, அதுலயே தெரியுது.”

“அப்போ உனக்குள்ளயும் ஒண்ணு ஒளிஞ்சிக்கினு இருக்குது.” விவசாயம் செய்கிற அந்த அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. பையில் தேடி, சுருங்கிக் கறுத்த சொத்தை ஒன்றை எடுத்து, தட்டிலிருந்த ஜோடியில் ஒரு பருப்பை நகர்த்திவிட்டு அங்கே வைத்தார். “இது மாதிரி.”

“ஆமா. ஒண்ணு இல்ல, நைனாவோட ஜோடியில ஒண்ணு, அம்மாவோட ஜோடியில ஒண்ணு. உங்க புள்ளைகிட்டயும் அந்த ரெண்டுல ஒரு ஜோடியில ஒண்ணு இருந்தா, பொறக்கறதுக்குக் கேக்காம போக நாலுல ஒரு பங்கு வழி இருக்குது. நான் கேரண்டி தர முடியாது.”

தட்டையே பார்த்துக்கொண்டிருந்த நைனா, அந்தக் கறுப்பு யார் என்று கையால் கேட்டார். நீங்கள்தான் என்றேன். அவர் சொத்தையைச் சுண்டி வாசலில் எறிந்தார். நல்ல பருப்பு ஒன்றை எடுத்து, விரலால் தேய்த்து, சிவப்புத் தோலை ஊதிவிட்டு, வெள்ளையாக அதே இடத்தில் வைத்தார்.

“இன்னா சொல்றாரு?”

“சொத்தை இல்லையாம் அத்தை. தோலுதான் வேறயாம். இதுவும் பருப்புதானாம்.”

இவருக்கு மகளாகப் பிறந்ததை நினைத்து எனக்கு அப்படியொரு கர்வம். சம்பந்தம் தட்டிப்போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன். அந்த அம்மா தானே ஒரு பருப்பைத் தேய்த்துத் தோலை ஊதி, என் அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். மாப்பிள்ளை அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கைப்பெயர் உண்டு. வைப்பது நைனா. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தால் அது என் மாமியார். என் மகளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் ஆயா என்று சொல்ல வாய் வருவதற்கு முன்பே வல்லத்து ஆயாவை அவள் விரலைத் தேய்த்துத்தான் கூப்பிட்டாள். அதை வல்லம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார் என் மாமியார்.