மீன் குற்றமற்றது, குடல்தான் குற்றவாளி

இருபது வருடமாக என் வயிற்றுவலிக்கு நான் கண்டுபிடித்திருந்த குற்றவாளி, கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கும் செல்வியக்கா.

"நீ குடுத்தது கெட்ட மீனு" என்று எண்ணூர் வரை கேட்கும்படி முழங்கியிருக்கிறேன்.

இன்று காலை ஸ்கேனைப் பார்த்த டாக்டர் வேறு தீர்ப்பு சொன்னார். தாய் வயிற்றிலேயே என் குடல் சரியாகத் திரும்பவில்லையாம். சிறுகுடல் வலப்பக்கம், பெருங்குடல் இடப்பக்கம். அது அவ்வப்போது முறுக்கிக்கொள்வதால்தான் வலி. திங்கட்கிழமை ஆபரேஷன், தேறியதும் மீன் சாப்பிடலாம்.

பேரரசர் ஒருவர் சரணடைவதுபோல் நேராக அக்காவிடம் போய் நின்று, டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். சங்கரா மீனை அறுத்துக்கொண்டே கேட்டார்.

"இதுக்கா நைனா மூஞ்சி இப்டி கீது? ஆயிரம் மீனு அறுத்தா ஒண்ணுல குடலு எடம் மாறிதான் கீது. அதுவும் நல்லா நீந்திக்கினுதான் இருந்துச்சு."

"வலைல மாட்டுற வரைக்கும்" என்றேன்.

"உன்ன அறுத்து, தெச்சு, திரும்பக் கடல்ல வுடப் போறாங்க. எந்த மீனுக்கு அந்தக் குடுப்பன கீது?"

பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

மீதி வீட்டில் இருக்கிறது. வீட்டம்மாவின் குழம்பையும் இதே இருபது வருடம் பழித்திருக்கிறேன். மன்னிப்பை இன்றே கேட்பதா, மயக்க ஊசி போட்ட பிறகா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.