எனக்குக் கேட்காத இன்ஜின் சத்தம்

கோயம்புத்தூரில் ஒருவர் விற்ற அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நான் வாங்கி வந்தபோது என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. ஏறி உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இளவயதில் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். பிறகு சின்னாளபட்டியில் நெசவுக்காரர்களுக்கு நூல் விற்கும் கடை போட்டேன். மனைவியும் கடைக்கு வந்து கூடமாட வேலை பார்ப்பாள். மகள் கல்யாணமாகிப் போனபின், எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

நாலுவழிச் சாலையில் கார் பறக்கும். ஊருக்குள் வந்தால்தான் கோளாறு. வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறும். ஒரு தயக்கம், ஒரு குலுக்கல், அப்புறம்தான் இழுக்கும். பெட்ரோல் சரியில்லையோ என்று பங்க் மாற்றிப் பார்த்தேன். பிளக்குகளை மாற்றினேன். ஒன்றும் பலனில்லை.

ஒரு சனிக்கிழமை தாடிக்கொம்பு பெருமாளைப் பார்த்துவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு வேகத்தடையைத் தாண்டி நான் மிதித்ததும் அவள் கேட்டாள்.

"ஏங்க, அது என்ன சத்தம்? எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி?"

"எங்க?"

"முன்னாடிதான். இந்தா, இப்பக்கூட. சடசடன்னு வருது பாருங்க."

உற்றுக் கேட்டேன். இன்ஜினின் உறுமல் இருந்தது, டயர் சத்தம் இருந்தது. கடுகெல்லாம் ஒன்றும் வெடிக்கவில்லை. காரைப் பிடிக்காமல் குறை சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, பேசாம வா" என்றேன்.

ஆனாலும் திணறல் போகவில்லையே. திண்டுக்கல்லில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் என் பள்ளித் தோழனிடம் காரைக் கொண்டுபோனேன். அவன் பானட்டைத் திறக்கவில்லை. "ஏலே, நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்" என்று ஏறிக்கொண்டான். சாணார்பட்டி போகும் சாலையில், லேசாக மேடேறும் ஒரு இடத்தில், "மூணாவது கியர்லயே வை. நல்லா வேகத்தைக் கொறை. இப்ப மிதி" என்றான்.

மிதித்தேன்.

"கேக்குதா?"

"என்னது?"

"நாக்கிங்டா! தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி. மறுபடி மிதி."

மிதித்தேன். "வண்டி திணறுது, அது தெரியுது. சத்தம் ஒண்ணும் வரலியே."

நான் கேலி செய்கிறேனா என்று முகத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பக்கத்து இருக்கைக்கு மாறச் சொல்லிவிட்டு அவனே ஓட்டினான். கண்ணாடியை இறக்கிவிட்டு, நீளமான ஒரு காம்பவுண்ட் சுவரை ஒட்டி மெதுவாகப் போனான். சுவரில் பட்டுத் திரும்பும்போது சத்தம் தெளிவாகக் கேட்குமாம். எனக்குக் கேட்கவில்லை. அதைச் செல்போனில் பதிவு செய்யச் சொன்னான், செய்தேன்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் போனின் ஒலியை முழுக்கக் கூட்டி என் கையில் கொடுத்தான். போனிலிருந்து அவன் குரல் "இந்தா... இந்தா..." என்றது. அதன் பின்னால் மந்தமான ஒரு இரைச்சல். அவ்வளவுதான். அந்த நேரம், ஸ்கூட்டரை எடுத்துப்போக வந்த ஒருவர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "என்னண்ணே, இம்புட்டு நாக் அடிக்குது? எந்த வண்டி?"

தெருவில் நிற்கிறவருக்குக் கேட்கிறது. என் கையில் இருக்கிற போன் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

தோழன் பானட்டைத் திறந்தான். இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் குழாய்கள் மேல் ஒவ்வொன்றாகக் கிளீனர் தெளித்தான். எங்காவது ஓட்டை இருந்தால் அது உள்ளே இழுபட்டு இன்ஜின் காட்டிக்கொடுத்துவிடுமாம். ஒரு குழாயில் தெளித்ததும் இன்ஜின் ஓட்டம் மாறியது. ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய் அது. அதன் அடிப்பக்க மடிப்பில் வெடிப்பு. "சென்சார் கணக்குல வராத காத்து இது வழியா உள்ள போகுது. அந்தக் காத்துக்குப் பெட்ரோல் பத்தல. அதான் வேகம் கம்மியா இருக்குறப்ப திணறுது, தப்பான நேரத்துல வெடிக்குது. வேகமாப் போறப்ப இந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்ல" என்றான். புதுக் குழாய் வந்து மாட்டியதும் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியரிலேயே வழுக்கிக்கொண்டு மேடேறியது.

"சத்தம் போச்சா?" என்று அவனைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"போச்சு அப்பு. வண்டி சரியாயிருச்சு. நீ மொதல்ல போயி காதைக் காட்டு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அதிரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். வாஷிங் மெஷின் முடிஞ்சு பீப் பீப்னு அடிக்கும், பக்கத்துலயே பேப்பர் படிச்சிக்கிட்டு இருப்பீங்க. பேரப்பிள்ளை போன்ல என்னத்தையோ கேப்பான், நீங்க சிரிச்சு வைப்பீங்க."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொல்லலியா? அம்புட்டுத் தடவை சொன்னேன். டிவி சத்தத்தைக் கொறைங்கன்னாலே சண்டைக்கு வருவீங்க. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

காது டாக்டரிடம் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் தாழ்ந்த ஒலிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அமுக்கினேன். பிறகு அமைதி. அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் மனைவி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சோதனை செய்த பெண் கதவைத் திறந்து சொன்னபோதுதான் தெரிந்தது, காத்திருந்த நேரமெல்லாம் ஒலி வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

மில் இரைச்சல்தான் காரணம் என்றார் டாக்டர். காது நரம்பு பட்டுப்போனால் போனதுதானாம், காதில் கருவி மாட்டிக்கொள்ளலாம்.

கருவியை மாட்டிய அன்று என் சட்டை உரசுவதுகூடக் கேட்டு மிரண்டுபோனேன். மனைவியோடு காரில் திரும்பினேன். எங்கள் மகளைப் பற்றி அவள் ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அவள் மூச்சில் மெல்லிய ஒரு விசில் வந்தது. முதலில் கருவியின் கோளாறு என்று நினைத்தேன். அவள் பேச்சை நிறுத்தியபோதும் வந்தது. காரை ஓரங்கட்டினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? வண்டியில ஏதும் சத்தமா?"

"உனக்கு மூச்சு இப்படி எத்தனை நாளா இழுக்குது?"

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நூல் தூசிங்க. கடைக்கு வர்றப்பல்லாம் கொஞ்சம் வீசிங் வரும். நீங்கதான் கண்டுக்கலியேன்னு இருந்துட்டேன்."

படியேறும்போது அவள் நின்று நின்று வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூட்டுவலி என்றே நினைத்திருந்தேன். ஒரே கட்டிலின் அடுத்த பக்கத்தில் இரவெல்லாம் இது ஒலித்திருக்கிறது.

வீட்டுக்குப் போகாமல் காரைத் திருப்பினேன். திண்டுக்கல்லில் நெஞ்சு டாக்டர் அவளுக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, கடைப்பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது கடையில் நான் மட்டும்தான். அவள் மத்தியானம் சாப்பாட்டை வாசல்வரை கொண்டுவந்து, உள்ளே வராமல், "ஏங்க" என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுகிறாள். எனக்குக் கேட்டுவிடுகிறது.