தொடுவதற்கு முன் சொன்ன ‘ம்’

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. புத்தூரில் நடந்த இலவச முகாமில், பாதத்தில் உணர்ச்சி குறைகிறதா என்று பார்த்தார்கள். நர்ஸ் தூண்டிலில் கட்டும் நைலான் நரம்பு போன்ற ஒன்றைக் காட்டி, “கண்ண மூடிக்கினு, இது கால்ல பட்டா ‘ம்’னு சொல்லுங்கண்ணா” என்றார்.

பின்னால் வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் பெயிலாக எனக்குக் கூச்சமாக இருந்தது. காலில் எதுவும் படுவது தெரியாமலே, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை “ம்” என்றேன்.

“அண்ணா, நான் இன்னும் தொடவே இல்ல!”

வரிசையே சிரித்தது. “பள்ளிக்கூடத்துலயும் இவன் இப்படித்தான். கேள்வியப் பாக்காமலே எழுதுவான்” என்றான் கூடப் படித்தவன். கண்ணை மூடியபடி நானும் சிரித்தேன்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. கண்ணைத் திறந்தேன். என் கட்டைவிரலுக்கு அடியிலிருந்து பிடுங்கிய கண்ணாடி வளையல் துண்டு, நர்ஸின் இடுக்கியில் சீழோடு இருந்தது.

“எத்தினி நாளா இத்தோட நடந்துக்கினு இருக்கீங்க?”

எனக்குத் தெரியவில்லை.

சித்தூர் ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். இப்போது தினமும் காலையில் மனைவி என் பாதங்களைத் திருப்பிப் பார்க்கிறாள். வலிக்கிறதா என்று கேட்பதில்லை. என் காலைப் பற்றி என் பேச்சு செல்லாது என்பது இருவருக்கும் தெரியும்.