நாற்பத்தொரு பூட்டும் ஒரே சாவியும்

பட்டாளத்தில் அவர் சார்ஜன்ட். ஆனால் அந்தத் தெருவில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, கதவுக்காரர் என்றுதான் பெயர். முதலில் அது கிண்டல். உடைத்தவனே ஒட்டவைக்க வந்திருக்கிறான் பார் என்ற எரிச்சலும் அதில் இருந்தது. எட்டு மாதத்தில் எரிச்சல் பாதி குறைந்து, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மனுஷன் சண்டை போட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருடமும் ஸ்டோர்ஸில் ஓட்டியவர். போர்வை, லாந்தர், வாளி, பூட்டு என்று எது கேட்டாலும் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் மக்கள் தொடர்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். யார் சொன்னாரோ, அவர் வாயில் சர்க்கரை போட வேண்டாம்.

வேலை இதுதான். சண்டை ஆற்றுக்கு மேற்கே நகர்ந்து போவதற்கு முன்னால், ஆயுதம் பதுக்கியிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பட்டாளம் ஒரே காலையில் அந்தத் தெருவின் நாற்பத்தொரு கதவையும் உதைத்துத் திறந்தது. கிடைத்தது ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கி. அதுவும் சுடாது. அன்றைக்குப் போனது கதவு மட்டும் இல்லை. காட்டிக்கொடுத்தது யார் என்று பக்கத்து வீட்டுக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரனே ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினான். இதையெல்லாம் சரிசெய்து மக்கள் நம்பிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்தது. தாளில் எழுதுவது சுலபம்.

கதவுக்காரர் நம்பிக்கையைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. மாமனாரின் தச்சுப் பட்டறையில் விடுமுறைக்கு விடுமுறை மாட்டிக்கொண்டு இழைப்புளி பிடித்த பழக்கம் இருந்தது. ஒரு தச்சரையும் இரண்டு ஆட்களையும் வைத்துக்கொண்டு கதவு கதவாக மாட்ட ஆரம்பித்தார். ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்: வாசலுக்கு வெளியே நின்றுதான் வேலை, யார் வீட்டுக்குள்ளும் கால் வைப்பதில்லை. கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புதுப் பூட்டு, இரண்டு சாவி. கொடுக்கும்போதெல்லாம் சொல்வார், "இந்த ரெண்டு சாவியும் உங்ககிட்ட மட்டும்தான்."

அந்த வார்த்தைக்கு அதிகமாகக் காத்திருந்தவள் தையல்காரம்மா. ஐம்பத்தைந்து வயது, தனி ஆள், மூக்குக்கு மேல் கோபம். கதவு உடைந்த மறுநாளே அவளுடைய இஸ்திரிப் பெட்டி காணாமல் போயிற்று. அடுத்தது மிஷின்தான் என்று முடிவு செய்தவள், அன்றிலிருந்து தெருமுனையைத் தாண்டவில்லை. உள்ளே இருந்தால் தாழ்ப்பாள் போடலாம், வெளியே போனால் எதைப் பூட்டுவது? இதற்கிடையே பக்கத்து ஊரில் இருக்கிற அவள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகிவிட்டது. பச்சைக் குழந்தையோடு மகளால் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வர முடியாது. பேத்தி முகத்தைப் பார்க்காமலே அளவைக் குத்துமதிப்பாக வைத்துச் சின்னச் சின்னச் சட்டையாகத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். பூட்டு கைக்கு வந்ததும், "நாளைக்குக் காலையில ஒம்பது மணி பஸ்ஸுக்கு நான் கெளம்பறேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

அன்று மத்தியானம்தான் வினை வந்தது. பழைய தபால் ஆபீஸ் அறை ஒன்றுதான் கதவுக்காரரின் அலுவலகம். மிச்சமிருந்த பூட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், கைதவறி ஒரு பூட்டின் சாவியை இன்னொன்றில் விட்டார். திறந்தது. வேறொன்றில் விட்டார். அதுவும் திறந்தது. இடுப்பில் தொங்கிய ஸ்டோர்ஸ் சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதுவும் சமர்த்தாகத் திறந்தது.

பட்டாளத்துப் பெட்டிகளுக்கெல்லாம் ஒரே சாவிதான். ஒருவன் தொலைத்தால் இன்னொருவன் திறக்க வேண்டும், அவசரத்தில் சாவி தேட முடியாது. அதனால் பூட்டு வேண்டும் என்று எழுதுகிற படிவத்தில் 'ஒரே சாவி' என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்திரண்டு வருடமாக அதில் டிக் போட்ட கை, வீட்டுப் பூட்டு கேட்டபோதும் போட்டுவிட்டது. வீடு என்பது வேறு சங்கதி என்று கைக்குத் தெரியவில்லை, கைக்கு மேலே இருந்த தலைக்கும் உறைக்கவில்லை. இப்போது முகாமில் இருநூறு சிப்பாய்களின் இடுப்பில் அந்தத் தெருவின் சாவி தொங்குகிறது.

கேப்டனிடம் ஓடினார். கேப்டன் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல பிள்ளை, ஆனால் பயந்தவர்.

"வேற பூட்டு வர எத்தனை நாள் ஆகும்?"

"பாலம் வேலை நடக்குது சார். கடைக்குச் சரக்கு வர பத்து நாள் ஆகும்."

"அப்போ பத்து நாள் வாய மூடிட்டு இருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவங்களாவே கண்டுபிடிச்சா, அப்புறம் நாம தங்கத்துல பூட்டு குடுத்தாலும் தொட மாட்டாங்க சார். அந்தம்மா நாளைக்கு அதை நம்பித்தான் ஊருக்குப் போறாங்க."

கேப்டன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சொல்லணும்னா நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் வரல."

மறுநாள் எட்டு மணிக்குப் போனபோது, தையல்காரம்மா பையும் கையுமாக வாசலில் நின்று பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் அரை மணி நேரம் தாமதித்து வந்திருந்தால் அவள் போயிருப்பாள். கதவுக்காரருக்கு அந்த ஆசை வராமலும் இல்லை. ஆனாலும் இடுப்புச் சாவியை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே அவள் பூட்டைத் திறந்து காட்டினார்.

"தப்பு என்னோடதுக்கா. நான்தான் எழுதினேன். தெரிஞ்சு செய்யல."

அவள் பூட்டைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள். "கால வச்சு ஒதச்சீங்க. இப்போ சாவி போட்டே தொறக்கலாம்னு பாத்தீங்களா சார்?" என்றாள். பையை உள்ளே வீசினாள். அதற்குள் தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு பஸ் டிரைவர் தன் சாவியைக் கொண்டுவந்து தையல்காரம்மாவின் பூட்டில் போட்டுப் பார்த்தார்.

"அடேங்கப்பா! அப்போ நான் குடிச்சிட்டு எந்த வீட்டுக்குப் போனாலும் கதவு தொறக்குமாண்ணே?"

டிரைவரின் மனைவி அவர் முதுகில் ஒன்று வைக்க, கூட்டம் சிரித்துவிட்டது. தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பது மணி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது எல்லோர் காதிலும் விழுந்தது. கதவுக்காரருக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது.

"கடைக்குச் சரக்கு வந்ததும் ஆளாளுக்கு வேணும்கற பூட்டை நீங்களே போய்ப் பாத்து எடுங்க. சாவிய என் கண்ணுலகூடக் காட்ட வேண்டாம். அதுவரைக்கும் காலையில ஆறு மணிலேர்ந்து கடைசி ஆள் வீடு திரும்பறவரைக்கும் நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றார்.

சொன்னபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், துப்பாக்கி இல்லாமல். முதல் நாள் ஒருத்தரும் வீட்டைவிட்டு அசையவில்லை. "ஏங்க, நாப்பத்தொரு வீட்டுக்கு ஒரே வாட்ச்மேனா? நம்ம வீட்டுக் கதவுல ஒரு வருஷமா கீல் ஆடுதே, அதுக்கு யாரு?" என்று போனில் அவருடைய மனைவி கேட்டாள். இரண்டாம் நாள் டிரைவர், "அண்ணே, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனார். அடுத்த நாள் ஒன்பது வீட்டுக்காரர்கள் வெளியே கிளம்பினார்கள். யாருக்கோ வந்த கடிதத்தை வாங்கி வைத்தார். மழை வந்தபோது கொடியில் கிடந்த துணிகளை ஓடி ஓடி எடுத்து, எது யாருடையது என்று தெரியாமல் அசடு வழிந்தார். தையல்காரம்மாவின் ஜன்னலிலிருந்து மிஷின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியைவிட்டு எழுந்தால் அதுவும் நின்றுவிடும்.

ஐந்தாம் நாள் வேறு பிரிவுச் சிப்பாய்கள் மூன்று பேர் ரோந்து வந்தார்கள். தண்ணீர்த் தாகம். பூட்டினாலும் ஒன்றுதான் என்று டிரைவர் சும்மா சாத்திவிட்டுப் போயிருந்த கதவை ஒருவன் தோளால் தள்ளினான்.

"டேய்!" கதவுக்காரர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "வெளிய வா. கதவைச் சாத்து. இப்போ தட்டு."

தட்டினான்.

"நில்லு."

மூன்று பேரும் வெயிலில் நின்றார்கள். பதில் இல்லை. "உள்ள யாரும் இல்ல போலிருக்கு சார்."

"இல்லல்ல? அப்போ திரும்பிப் போ. தண்ணி என்கிட்ட இருக்கு, வந்து குடி."

மிஷின் சத்தம் நின்றிருந்தது. ஜன்னலில் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவள் பையோடு வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். அந்தப் பூட்டு திறந்தபடியே கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் அதைத் தொடவில்லை. நேரே நாற்காலிக்கு வந்தாள்.

"சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுல வந்துருவேன்."

"சரிக்கா. நான் இங்கேயேதான் இருப்பேன்."

அவள் நான்கு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

"தம்பி, வெயில் ஏறுதுல்ல, வெளிய உக்காந்து எதுக்குக் காயறீங்க? கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. உள்ள போய் உக்காருங்க. மிஷின மட்டும் தொடாதீங்க."

சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்புகிறவரை அவர் நின்றார். பிறகு அந்தத் தெருவில் முதல் தடவையாக ஒரு வீட்டுக்குள் போய், மிஷினுக்கு எட்டாத தூரத்தில், தெரு கண்ணில் படும்படி வாசல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.