நைலான் வலைக்குள் விழுப்புரம்வரை

நான் ஒருமுறை மீன் வலையில் சிக்கியிருக்கிறேன். கடலில் அல்ல, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பாசஞ்சர் ரயிலின் மூன்றாம் வகுப்பில். யாரும் என்மேல் வலை வீசவில்லை. நானேதான் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரத்தில் மீன்பிடிப்பு சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கடலை அதிகமும் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். அதனாலேயே அதைப் பற்றி விரிவாகப் பேச முடிந்தது. நைலான் வலை அப்போதுதான் எங்கள் பக்கம் தலைகாட்டியது. மரக்காணத்து மீனவர் ஒருவரிடம் சோதனைக்காக ஒன்றைக் கொடுத்திருந்தோம். கிழிசல் இல்லாமல் திரும்பக் காட்டினால் வலை அவருக்கே. பருத்தி வலையை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துத் தோய்த்துக் காயவைத்தும் அது மக்கிப்போவதைப் பார்த்து அலுத்தவர் அவர். அம்மை குத்த எடுத்துப்போகும் குழந்தையைப்போல வலையை மடியில் கிடத்திக்கொண்டு, சோதனை முடிந்து அதிகாரியிடம் காட்ட என்னோடு ரயிலில் வந்தார்.

எதிரே மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டையோடு ஓர் அம்மாள். "இன்னாது அது, கொசுவலையா?" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இது மக்காதும்மா, அறுவாது. பாருங்க" என்று எழுந்து, வலையின் ஒரு பகுதியை உதறித் தலைமேல் போட்டுக்கொண்டு, மீன் திமிறுவதையும் செய்து காட்டினேன். பொத்தான் வைத்த சட்டையோடு வலைக்குள் நுழையக் கூடாது என்பது எங்கள் சுற்றறிக்கை எதிலும் இல்லை. பொத்தான்கள், பேனா, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றும் ஆளுக்கொரு கண்ணியைப் பிடித்துக்கொண்டது.

மயிலம் போயிற்று. ஒன்றை விடுவித்தால் இரண்டு மாட்டியது. கைகள் விலாவோடு ஒட்டிக் கிடந்தன. மூக்கு அரித்தது, என் மூக்குக்கும் எனக்கும் இடையே போக்குவரத்து நின்றுவிட்டது.

அம்மாள் இடுப்பிலிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்தார். "ஒரு கண்ணிய அறுத்துட்டா ஆளு வெளிய வந்துடுவாரு."

"கத்திய உள்ள வையிம்மா" என்றார் மீனவர். "ஒரு கண்ணி போனாலும் வலை என்னுது இல்ல."

"மனுசனுக்கு மூச்சு முட்டுது."

"முட்டட்டும். பேசிக்கினுதானே இருக்காரு."

பேரணி ஸ்டேஷனில் ஏறியவர்கள் என்னைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்தார்கள். இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் வலைக்குள்தான் இறங்க வேண்டும். அந்த நெருக்கடியில்தான் கடலைப் பற்றி எனக்கு உருப்படியான யோசனை ஒன்று வந்தது. பருத்தி வலை கடலில் தொலைந்துபோனால் நாளடைவில் மக்கி மீனை விட்டுவிடும். இது விடுமா? எடுக்க ஆளில்லாமல் பிடித்துக்கொண்டே கிடக்குமே. இதைத்தானே இத்தனை நாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உரக்கவே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. வலைக்குள்ளிருந்து பேசுகிறவனுக்கு மரியாதை குறைவு.

விக்கிரவாண்டி தாண்டியதும் மீனவர் தீர்ப்புச் சொன்னார். "வலைய அறுக்க வேணாம். சட்டைய அறு."

கத்தி கண்ணிகளுக்கு நடுவே நுழைந்து பொத்தான்களை உதிர்த்தது. தோள் தையல் பிரிந்தது. கண்ணாடியின் ஒரு காது ஒடிந்தது. விழுப்புரத்தில் வலை ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கியது. நான் பனியனோடு இறங்கினேன்.

அதிகாரி வலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார். "கிழிசல் இல்ல. எடுத்துக்குங்க" என்று மீனவரிடம் சொன்னார். நான் என் யோசனையைச் சொல்லத் தொடங்கினேன்.

"மொதல்ல வீட்டுக்குப் போய் சட்டை போட்டுக்கினு வாங்க" என்றார்.

விடாமல் வாசலில் மீனவரைப் பிடித்தேன். "கடல்ல மட்டும் தொலைச்சிடாதீங்க. மக்காம மீனைப் பிடிச்சிக்கினே கிடக்கும்."

அவர் வலையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "இதையா? அலை ஜாஸ்தியாச்சுன்னா உங்கள வேணா உட்டுட்டு வருவேன் சார். இத உடமாட்டேன்."